துருவ ஒளி: தரையில் மூன்று வினாடி, விண்ணில் அரை வினாடி

கேள்வி இது: "கோவையிலிருந்து நாலு பேர் பிப்ரவரியில் நார்வேயின் ட்ரொம்சோவுக்குப் போகிறோம். கையில் 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் கேமராவும் 24-70 எஃப்/4 லென்ஸும் இருக்கின்றன. வடதுருவ ஒளியை எடுக்க இது போதுமா? விண்வெளி நிலையத்திலிருந்து எடுக்கிற படம் மட்டும் ஏன் வேறு மாதிரி இருக்கிறது? நம்ம வால்பாறை மேட்டிலிருந்து எப்போதாவது தெரியுமா?"

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். தெரியாதுங்க. கோவை 11 டிகிரி வடக்கில் இருக்கிறது. நேர் வடக்கே அதே தீர்க்கரேகையை ஒட்டிப் போனால் 31 டிகிரியில் சிம்லா வரும். அந்தச் சிம்லாவின் தலைக்கு மேல் 400 கிலோமீட்டருக்கும் அதிகமான உயரத்தில் ஒளி எழுந்தால்தான் அதன் உச்சி நம் வடக்கு அடிவானத்தைத் தொடும். 2024 மே 10-11 இரவு வந்த பெரும் காந்தப் புயலில் லடாக்கின் ஹன்லேயில் சிவப்பு ஒளி கேமராவில் பதிவானது. அதுவும் அவர்களுக்கு வடக்கே, வெகு தொலைவில் இருந்த ஒளியின் மேல் நுனிதான். கீழே இருக்கும் பச்சை அவர்களுக்கே அடிவானத்துக்குக் கீழே போய்விட்டது. நம் நிலைமை இன்னும் மோசம். துருவ ஒளி காந்தத் துருவங்களைச் சுற்றித்தான் எழும்; பூமியின் காந்த நடுக்கோடோ தென் தமிழகத்தை ஒட்டிப் போகிறது. அதை ஆராயத்தான் திருநெல்வேலியில் ஓர் ஆய்வுக்கூடமே இருக்கிறது. துருவ ஒளிக்கு இதைவிடத் தூரமான ஊர் கிடைப்பது கஷ்டம். ஆனால் அதே பச்சை நிறத்தை, வேறு காரணத்தால் உண்டாவதை, நம் வானத்திலும் எடுக்கலாம். அதைப் பிறகு சொல்கிறேன்.

லென்ஸுக்கு வருவோம். எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் துளை பெரிதாகும். எஃப்/4 இருந்தால் படம் வரும், ஒளியின் வடிவம் வராது. துருவ ஒளி திரைச்சீலை மாதிரி மடிப்பு மடிப்பாக ஆடுவது; அந்த மடிப்பு பதிய வேண்டும் என்றால் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 2, 3 வினாடிக்குள் இருக்க வேண்டும். எஃப்/4-இலிருந்து எஃப்/1.8-க்குப் போனால் உள்ளே வரும் ஒளி ஏறக்குறைய ஐந்து மடங்கு. அங்கே 10 வினாடி கேட்கும் காட்சி இங்கே 2 வினாடியில் முடிந்துவிடும். 10 வினாடி வைத்தால் மடிப்பெல்லாம் கரைந்து, வானத்தில் பச்சைச் சாயம் கொட்டியதுபோல ஒரு தீற்றல் மட்டும் மிஞ்சும். இணையத்தில் பார்க்கும் பாதிப் படங்கள் அப்படித்தான் இருக்கின்றன. ஆகவே 20 மில்லிமீட்டர் எஃப்/1.8, 24 மில்லிமீட்டர் எஃப்/1.4 மாதிரி ஏதாவது ஒன்றை வாடகைக்காவது எடுத்துக்கொண்டு போங்கள். 14 எஃப்/2.8 இருந்தாலும் சரி. தலைக்கு மேல் வெடிக்கும்போது அந்த அகலம் உதவும். காசைக் கேமராவில் போடுவதைவிட லென்ஸில் போடுவதே இந்த வேலைக்குப் புத்திசாலித்தனம்.

நட்சத்திரம் எடுக்கும் பழக்கம் உள்ளவர்கள் 500-ஐ குவியத் தூரத்தால் வகுத்து, 20 மில்லிமீட்டருக்கு 25 வினாடி என்று கணக்குப் போடுவார்கள். அந்தக் கணக்கை இங்கே மறந்துவிடுங்கள். அது பூமி சுற்றும் வேகத்துக்கான வரம்பு. துருவ ஒளி அதைவிடப் பல மடங்கு வேகமாக நகரும்.

நிறத்துக்கும் நேரத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. அது தெரிந்தால் ஷட்டரை முடிவு செய்வது சுலபம். பச்சை என்பது சுமார் 100 முதல் 150 கிலோமீட்டர் உயரத்தில் ஆக்சிஜன் அணு விடும் 557.7 நானோமீட்டர் ஒளி. அணு கிளர்ச்சியடைந்து ஒளியை விடுவதற்கு முக்கால் வினாடி அளவில் ஆகும். அதனால் பச்சையில் விளிம்பு கூர்மையாக இருக்கும், துடிப்பும் தெரியும். சிவப்பும் அதே ஆக்சிஜன்தான், 630 நானோமீட்டர். ஆனால் அணு ஒளியை விட இரண்டு நிமிடம்வரை எடுத்துக்கொள்ளும். கீழே காற்று அடர்த்தியாக இருந்தால் அதற்குள் வேறு மூலக்கூறு மோதி ஆற்றலைப் பிடுங்கிக்கொள்ளும்; அதனால்தான் சிவப்பு 200 கிலோமீட்டருக்கு மேல் மட்டும் தெரிகிறது. அதில் கூர்மையை எதிர்பார்க்கவே வேண்டாம், மங்கலாகத்தான் இருக்கும். திரையின் அடி விளிம்பில் சில நேரம் ஓடும் இளஞ்சிவப்பு நைட்ரஜனுடையது. அது வந்தால் ஆட்டம் உக்கிரமாக இருக்கிறது என்று பொருள், உடனே ஷட்டரைக் குறைக்க வேண்டும்.

அமைப்புகளைச் சொல்கிறேன். முழு மேனுவல், ரா ஃபைல், ஒயிட் பேலன்ஸ் 3800 கெல்வின் அளவில் நிலையாக. ஆட்டோவில் விட்டால் ஒவ்வொரு படத்துக்கும் நிறம் மாறி, படங்களைக் கோத்து டைம்லாப்ஸ் காணொளி செய்யும்போது மினுக்கும். வடக்கே அசையாமல் ஒரு வெளிறிய வளைவு மட்டும் நிற்கிறது என்றால் எஃப்/1.8, ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளியுணர்வு அளவு) 3200, 6 முதல் 10 வினாடி. திரை ஆட ஆரம்பித்தால் அதே ஐ.எஸ்.ஓ.வில் 2, 3 வினாடி. தலைக்கு நேர் மேலே கதிர்கள் ஒரு புள்ளியிலிருந்து விரிந்து வெடித்தால் ஒரு வினாடி, அரை வினாடி, தேவைப்பட்டால் ஐ.எஸ்.ஓ.வையும் 1600-க்கு இறக்குங்கள். இந்த வெடிப்பு பெரும்பாலும் சில நிமிடங்களே நீடிக்கும். மெனுவைத் தேடிக்கொண்டிருந்தால் அவ்வளவுதான். இருட்டில் பின்திரை எல்லாவற்றையும் பிரகாசமாகவே காட்டும், அதை நம்பாதீர்கள். திரையின் வெளிச்சத்தைக் குறைத்து, மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் என்ற வெளிச்ச வரைபடத்தைப் பாருங்கள். பச்சை மட்டும் வலது ஓரத்தில் முட்டி நிற்கும், அதாவது அளவுக்கு மீறிப் பதிந்திருக்கும். மொத்த ஹிஸ்டோகிராமில் அது தெரியாது. முட்டிய பச்சையை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. நீண்ட எக்ஸ்போஷருக்கான இரைச்சல் நீக்கத்தை அணைத்துவிடுங்கள். அது ஒவ்வொரு படத்துக்கும் பிறகு அதே நேரம் இன்னொரு கறுப்புப் படம் எடுத்துக்கொண்டு கேமராவைப் பூட்டி வைக்கும். டிரைபாடில் ஏற்றியதும் அதிர்வுத் தடுப்பையும் அணைக்க வேண்டும்.

லென்ஸின் முன்னால் யு.வி. ஃபில்டர் மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். நம் ஊர்த் தூசிக்குப் பயந்து வாங்கும் அன்றே கடைக்காரர் மாட்டிக் கொடுத்திருப்பார், அது அங்கே இருப்பதே பலருக்கு நினைவில் இருக்காது. துருவ ஒளியின் பச்சை ஏறக்குறைய ஒரே அலைநீளம். அப்படிப்பட்ட ஒளி தட்டையான இரண்டு கண்ணாடிப் பரப்புகளுக்கு இடையே எதிரொலித்தால், படத்தின் நடுவில் குளத்தில் கல் எறிந்த மாதிரி வளையம் வளையமாக விழும். வெயிலில் பல நிறமும் கலந்திருப்பதால் இது தெரியாது. இங்கே மட்டும் தெரியும். சின்னத் திரையில் கவனிக்காமல் ஊருக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் மொத்த இரவும் வளையம்.

ஃபோகஸ்தான் அடுத்த பெரிய சறுக்கல். லென்ஸின் முடிவிலிக் குறியை நம்பக் கூடாது, குளிரில் அது இன்னும் நகரும். லைவ் வியூவில் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கி, புள்ளி மிகச் சிறிதாகும் இடத்தில் நிறுத்தி, வளையத்தின் மேல் ஒட்டுநாடா போட்டுவிடுங்கள். கேமரா வெளியே அரை மணி நேரம் குளிர்ந்த பிறகு மறுபடி ஒருமுறை சரிபாருங்கள். இந்தப் பழக்கத்தைக் கிளம்பும் முன்பே இங்கே செய்துபார்க்கலாம். காங்கேயம், தாராபுரம் தாண்டி மூலனூர் பக்கம் போனால் வானம் ஓரளவு இருட்டு. காற்றாலைகளின் சிவப்பு விளக்கு மட்டும் கண்ணை உறுத்தும். ஜனவரி இரவில் சிரியஸ் நன்றாக மேலே நிற்கும், அதை வைத்துப் பழகுங்கள். ஆனால் ட்ரொம்சோவில் சிரியஸ் அடிவானத்திலிருந்து நாலு டிகிரிகூட எழாது, மலை மறைத்துவிடும். அங்கே கபெல்லாவையோ வேகாவையோ பிடியுங்கள். துருவ நட்சத்திரமும் நமக்கு 11 டிகிரியில் தென்னை உயரத்தில் நிற்பது அங்கே 70 டிகிரியில் நிற்கும். டிரைபாடின் தலை அவ்வளவு நிமிருமா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். சிலவற்றில் லென்ஸ் பாரத்தில் மெல்லத் தொங்கிவிடும்.

குளிர் என்றால் ஊட்டி உறைபனியை வைத்து அளக்க வேண்டாம். ட்ரொம்சோ கடலோரம், அவ்வளவு கொடுமை இல்லை. ஆனால் கடலோரத்தில் மேகம் நிற்கும்போது வண்டியை உள்நாட்டுக்கு, ஷிபோத்ன் பள்ளத்தாக்குப் பக்கமோ பின்லாந்து எல்லைக்கோ ஓட்டுவார்கள். அங்கே மைனஸ் 20 சாதாரணம். உள்ளே திருப்பூர்ப் பருத்தி பனியனைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். நம் வெயிலுக்கு அதைப்போல ஒன்று இல்லை, ஆனால் பருத்தி வேர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், நின்றதும் அதுவே ஐஸாகக் கடிக்கும். மெரினோ கம்பளியோ பாலியெஸ்டர் தெர்மலோ வேண்டும். கைக்கு இரண்டு அடுக்கு: உள்ளே பட்டனை அழுத்தக்கூடிய மெல்லிய உறை, வெளியே தடித்தது. பேட்டரி குறைந்தது மூன்று வேண்டும். கேமராவில் ஒன்று, மற்றவை சட்டைக்குள் உடம்போடு ஒட்டி. விமானத்தில் உபரிப் பேட்டரிகள் கைப்பையில்தான் வர வேண்டும். டிரைபாட் காலைப் பனியின் மேல் வைக்காமல், கெட்டித் தரை தட்டும்வரை அழுத்துங்கள். இல்லையென்றால் பத்து நிமிடத்தில் ஒரு கால் இறங்கிச் சட்டகம் சாய்ந்திருக்கும்.

முடிந்து அறைக்குத் திரும்பும்போதுதான் கேமராவைக் கெடுத்துக்கொள்வார்கள். மைனஸ் 15-இல் இருந்ததை 22 டிகிரி அறைக்குள் அப்படியே எடுத்துவந்தால், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சோடா பாட்டில் மாதிரி வெளியிலும் உள்ளேயும் வியர்த்துவிடும். வெளியிலேயே மெமரி கார்டையும் பேட்டரியையும் எடுத்துக்கொண்டு, கேமராவை ஜிப் பையில் போட்டு மூடி, பிறகு உள்ளே கொண்டுபோய் இரண்டு மூன்று மணி நேரம் திறக்காமல் விடுங்கள். நீர் பையின் மேல் படியும்.

எந்த இரவு வரும் என்பதற்குப் பலரும் கேபி எண்ணையே (பூமியின் காந்தக் கொந்தளிப்பை 0 முதல் 9 வரை சொல்லும் அளவு) பிடித்துத் தொங்குகிறார்கள். காந்தத் துருவத்தைச் சுற்றி ஒளி அடிக்கடி தோன்றும் வளையத்துக்கு நேர் கீழே ட்ரொம்சோ இருக்கிறது; கேபி 2 இருந்தாலே அங்கே போதும். 6, 7 என்று ஏறினால் வளையம் தெற்கே இறங்கிவிடும், அப்போது தெற்கு வானத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். அதைவிடப் பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று, மேகப் படம். வானம் மூடியிருந்தால் கேபி 9-ஆலும் பயனில்லை. இரண்டு, சூரியக் காற்றின் (சூரியனிலிருந்து வீசும் மின்துகள்களின்) காந்தப்புலத்தில் பி-இசட் என்கிற கூறு எதிர்மறையாகத் திரும்பியிருக்கிறதா என்பது. பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கிலோமீட்டர் முன்னால், எல்-1 என்ற புள்ளியில் நிற்கும் விண்கலங்கள் இதை அளந்து சொல்கின்றன. நம் ஆதித்யா எல்-1-உம் 2024 ஜனவரி 6 முதல் அங்கேதான் சுற்றுகிறது. காற்று நொடிக்கு 400 கிலோமீட்டரில் வந்தால் அங்கிருந்து இங்கே சேர ஒரு மணி நேரம், 800-இல் வந்தால் அரை மணி. அதுதான் உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம், சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழலாம். இரவு 9 முதல் 1 மணிவரை முக்கியமான நேரம். சூரியன் 27 நாளுக்கு ஒருமுறை தன் அதே முகத்தைக் காட்டுவதால், ஜனவரியில் நல்ல ஆட்டம் இருந்த தேதியோடு 27-ஐக் கூட்டிப் பார்த்து முன்பதிவு செய்வது மோசமான யுக்தி இல்லை. 2024-இல் உச்சத்தைத் தொட்ட பிறகு சூரியன் இறங்குமுகத்துக்கு வரும் ஆண்டுகளில் இந்த 27 நாள் கணக்கு இன்னும் நன்றாகப் பலிக்கும்.

இப்போது மேலே போவோம். தரையில் நீங்கள் நிற்கிறீர்கள், ஒளி ஆடுகிறது. சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஒளியும் ஆடுகிறது, எடுப்பவரும் நொடிக்கு 7.66 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறார். படம் வேறு மாதிரி இருப்பதற்கான காரணம் பெரும்பாலும் இதிலேயே அடங்கிவிடும். உங்களுடையதுபோன்ற 24 மெகாபிக்சல் கேமராவில் 24 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டால், படத்தின் நடுவில் ஒரு டிகிரிக்கு சுமார் 70 பிக்சல். நிலையம் 410 கிலோமீட்டர் உயரத்தில் போகும்போது நேர் கீழே இருக்கும் ஊர் விளக்கு நொடிக்கு ஒரு டிகிரி நகரும். ஒரு வினாடி திறந்தால் 70 பிக்சல் கோடு. 2000 கிலோமீட்டர் தள்ளித் தெரியும் துருவ ஒளி அதிகபட்சம் 15 பிக்சல் இழுபடும். நட்சத்திரமோ, நிலையம் பூமியைப் பார்த்தபடியே திரும்புவதால் நிமிடத்துக்கு 4 டிகிரி ஓடும். ஒரு வினாடிக்கு நாலைந்து பிக்சல். மூன்றும் மூன்று வேகம், ஒரே சட்டகத்தில். அதனால்தான் எஃப்/1.4 லென்ஸ், உயர்ந்த ஐ.எஸ்.ஓ., அரை வினாடியை ஒட்டிய ஷட்டர் என்று போகிறார்கள். பக்கவாட்டில் பார்ப்பதைவிட, நிலையம் போகும் திசையிலோ விட்டுவரும் திசையிலோ கேமராவைத் திருப்பினால் இழுப்பு குறையும். நல்ல டைம்லாப்ஸ் பலவும் அப்படித்தான்.

படம் எடுக்கும் இடம் கூபோலா என்கிற ஏழு ஜன்னல் கூடு. 2010-இல் பொருத்தியது. ஜன்னல் பல அடுக்குக் கண்ணாடி, உள்ளடுக்கில் கீறல் விழும், அறை விளக்கு எல்லா அடுக்கிலும் பிரதிபலிக்கும். எனவே விளக்கை அணைத்து, கேமராவைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டுவார்கள். மேலே இன்னொரு தொல்லை கதிர்வீச்சு. அண்டக் கதிர்கள் தொடர்ந்து தாக்குவதால் சென்சாரில் செத்த புள்ளிகள் மாதாமாதம் கூடிக்கொண்டே போகும். பழைய கேமராவின் ராத்திரிப் படத்தில் சிவப்பு, நீலப் பொட்டுகள் நிறைந்திருக்கும்.

அங்கிருந்து பார்ப்பது பக்கவாட்டுத் தோற்றம். கீழே பச்சைப் பட்டை, அதன்மேல் சிவப்பு, உயர எழும் சிவப்பு நிலையத்தின் உயரத்தையே எட்டும். நிலையம் அதற்குள்ளேயே புகுந்து போவதும் உண்டு. தரையில் அண்ணாந்து பார்க்கும் நமக்கு இந்த அடுக்கு கிடைக்காது. அடிவானத்துக்கு இணையாக மெல்லியதாக, அசையாமல் ஒரு பச்சைக்கோடு எல்லாப் படத்திலும் ஓடுமே, அது துருவ ஒளி இல்லை. அதைக் கடைசியில் பார்ப்போம். இன்னொன்று: 'வடதுருவ ஒளி' என்று பகிரப்படும் விண்வெளிப் படங்களில் நிறைய தென்துருவ ஒளிதான். நிலையம் 51.6 டிகிரிக்கு மேல் வடக்கேயும் தெற்கேயும் போகாது. காந்தத் துருவம் சாய்ந்திருப்பதால், வடக்கே கனடாவுக்கு மேல் போகும்போதும் தெற்கே ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்குக் கீழே போகும்போதும்தான் வளையம் பக்கத்தில் வரும். கோவைக்கு மேல் வடமேற்கிலிருந்து தென்கிழக்காகக் கடக்கும் நிலையம் ஏறக்குறைய 27 நிமிடத்தில் நியூசிலாந்துக்குத் தெற்கே போய்ச் சேரும். தென்மேற்கிலிருந்து வடகிழக்காகக் கடந்தால் 20 நிமிடத்தில் வட பசிபிக்கில் தன் வட எல்லையைத் தொடும், ஆனால் அந்தப் பக்கம் வளையம் வெகு தூரம். பொழுது சாய்ந்தபின் மொட்டைமாடியிலிருந்து நிலையத்தைப் பார்த்தால் திசையை மட்டும் கவனியுங்கள், உள்ளே இருப்பவருக்கு அன்றைக்கு வாய்ப்பு எப்படி என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

இழுப்பைச் சமாளிக்க டான் பெட்டிட் என்ற விண்வெளி வீரர் 2002-03 பயணத்தின்போது, மேலே கிடைத்த உதிரிகளை வைத்தே கீல் கதவு மாதிரியான ஒரு டிராக்கர் (கேமராவை மெல்லத் திருப்பி இழுப்பை ஈடுகட்டும் கருவி) செய்து ஊர் விளக்குகளைக் கூர்மையாக எடுத்தார். நம் ஊர் லேத் பட்டறைக்காரர்களுக்கு இது விளையாட்டு: இரண்டு பலகை, ஒரு கீல், ஒரு எம்-6 திருகு. திருகின் புரி இடைவெளி 1 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு ஒரு சுற்று சுற்றினால், கீலிலிருந்து திருகுவரை 228.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பலகை நட்சத்திரத்தோடு சேர்ந்து நகரும். இதே பலகையை நிலையத்துக்குக் கொண்டுபோய் நட்சத்திரத்தை நிறுத்த வேண்டும் என்றால், நிலையம் பூமியை ஒருமுறை சுற்ற 93 நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு என்பதால், திருகை நிமிடத்துக்குப் பதினைந்தரை சுற்று சுழற்ற வேண்டும். ட்ரொம்சோவுக்கு இது வேண்டாம், சுமை. 3 வினாடிக்கு எந்த டிராக்கரும் தேவையில்லை.

ஆளில்லாத செயற்கைக்கோள் படங்கள் தனி வகை. 2011-இல் ஏவிய சுவோமி என்.பி.பி. சுமார் 830 கிலோமீட்டரிலிருந்து இரவொளியைக் கறுப்பு வெள்ளையில் பதிகிறது. அது ஒரே நொடியில் எடுக்கும் படம் இல்லை, பட்டை பட்டையாகத் துழாவுவது. அடுத்த பட்டை வருவதற்குள் ஒளி நகர்ந்துவிடும். ரம்பப் பல் மாதிரி வெட்டுத் தெரிந்தால் அது படக்கோளாறு இல்லை.

விமானச் செலவில்லாமல் பழக ஒரு வழி இருக்கிறது. நாசாவின் விண்வெளி வீரர் புகைப்படத் தளத்தில் நிலையத்திலிருந்து எடுத்த தொடர்ப் படங்கள் இலவசமாகக் கிடைக்கும், கேமரா, லென்ஸ், ஷட்டர் விவரத்தோடு. 300 படம் எடுத்து நொடிக்கு 25 வீதம் கோத்தால் 12 வினாடிக் காணொளி. முதலில் செத்த புள்ளிகளை நீக்குங்கள், அப்புறம் நிறம். நிறத்தில் கை வைக்கும்போது பச்சையை ஏற்றாதீர்கள், அது ஏற்கெனவே முட்டும் நிலையில்தான் இருக்கும். சிவப்பை மட்டும் கொஞ்சம் தூக்கினால் மேலடுக்கு வெளியே வரும்.

இனி அந்த அசையாத பச்சைக்கோடு. அது வான்மிளிர்வு. பகலில் சூரியன் பிளந்த ஆக்சிஜன் அணுக்கள் இரவில் மறுபடி சேரும்போது, சுமார் 95 கிலோமீட்டர் உயரத்தில், அதே 557.7 நானோமீட்டரில் ஒளிரும். இதற்குத் துருவம் வேண்டாம், காந்தப் புயல் வேண்டாம். வால்பாறைக்கு மேலும் இருக்கிறது, மூலனூருக்கு மேலும் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். அமாவாசையை ஒட்டிய, மழை பெய்து தூசி அடங்கிய இரவில், ஊர் வெளிச்சம் இல்லாத திசையில், அடிவானத்திலிருந்து 10 முதல் 20 டிகிரி உயரத்தை நோக்கி வையுங்கள். அங்கேதான் மிளிரும் அடுக்கைச் சாய்வாக, அதிகக் கனத்தில் பார்க்கிறோம். எஃப்/1.8, ஐ.எஸ்.ஓ. 6400, 20 வினாடி, பத்துப் படம் எடுத்து, மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். பச்சையாகச் சிற்றலை மாதிரிப் பட்டைகள் வந்தால் அதுதான். ஆரஞ்சாகவோ வெள்ளையாகவோ அசையாத மூட்டம் வந்தால் அது பல்லடத்தின் ஊர் வெளிச்சம். வால்பாறைப் பக்கம் புலிகள் காப்பகத்துக்குள் இரவில் வண்டியை நிறுத்த விட மாட்டார்கள், யானையும் விடாது. ஆகவே மலைக்குப் போவதென்றால் காட்டுச் சாலை வேண்டாம், தங்கும் விடுதியின் மொட்டைமாடியே போதும். விடுதிக்காரரிடம் வெளிவிளக்கை ஒரு மணி நேரம் அணைக்கச் சொல்லி முன்கூட்டியே பேசி வையுங்கள்.